பத்தாயிரத்து ஒரு மூட்டை

மரக்காணம் உப்பளத்தில் தலையில் உப்புக்கூடையோடு, தோளில் இடுக்கிய செல்போனில் நாத்தனாரோடு சண்டையும் போடக்கூடியவள் பாஞ்சாலை ஒருத்திதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவளை விட்டது. கணக்கை அவள் விடவில்லை. மூட்டை அடுக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் மேஸ்திரி வேலை கேட்டால் முதலாளி சிவஞானம், "பொம்பள மேஸ்திரியா?" என்று சிரிப்பார்.

அவருக்கு ஒரு கிறுக்கு. சீசனில் முதல் லோடு ஏறுமுன் பூஜை போடும் மூட்டைகள் வெறும் ஆயிரமாக இருக்கக் கூடாது. முடிந்துபோன மாதிரி ஆகிவிடுமாம். ஒன்று கூட்ட வேண்டும். அடுக்கு பெட்டி மாதிரி நிற்க வேண்டும், ஒரு மூட்டைகூடத் துருத்தக் கூடாது. ஏழு உயரம், பதினொன்று அகலம், பதிமூன்று நீளம் என்று வருடாவருடம் அந்த ஆயிரத்து ஒன்றைப் பாஞ்சாலை கட்டிக் கொடுத்துவிடுவாள். இந்த வருடம் நல்ல வெயில், உப்பு அமோகம். "பத்தாயிரத்து ஒண்ணு!" என்றார் முதலாளி.

மேஸ்திரி வேலையைத் தன் மச்சானுக்கு வாங்கித் தரக் காத்திருந்த சூப்பர்வைசர் சுரேஷ் முந்திக்கொண்டான். "நூறுக்கு நூறு அடுக்கிட்டு, ஒண்ண மேல வெச்சிடலாங்க."

"காக்கா உக்காந்த மாதிரியா? துருத்தாம அடுக்குறவங்கதான் மேஸ்திரி."

பாஞ்சாலை காலிச் சாக்கைத் திருப்பிப் போட்டு, கரியால் வகுக்க உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா, ஒம்பதால பாக்கலியா?" என்று எட்டிப் பார்த்தான் சுரேஷ்.

"மூணாலயே போவாதது ஒம்பதால எப்டிடா போவும்? டிகிரிய எந்தக் கடையில வாங்கின?"

"எது வரைக்கும்தான் வகுப்ப?"

"நூறு வரைக்கும். ரெண்டு பக்கமும் நூறத் தாண்டினா பெருக்கல் எகிறிடும்."

எழுபத்தொன்றில் அறுபத்தொன்று மீந்தது. சுரேஷ் மச்சானுக்குப் போன் போட்டான். எழுபத்துமூன்றில் எதுவும் மிஞ்சவில்லை. நூற்று முப்பத்தேழு முறை, கச்சிதமாக. ஆனால் அந்த இரண்டு எண்களும் அதற்கு மேல் எதற்கும் மசியவில்லை. அகலம் வந்தது, நீளம் வந்தது; உயரத்துக்கு ஒன்றுதான் பாக்கி.

பூஜையன்று முதலாளியின் கார் தூரத்திலேயே நின்றது. களம் முழுக்க, வண்டிப்பாதை முழுக்க, பாய் விரித்த மாதிரி மூட்டைகள்.

"அடுக்கு எங்கம்மா?"

"இதாங்க மொதலாளி. எழுவத்துமூணு அகலம், நூத்தி முப்பத்தேழு நீளம், ஒசரம் ஒண்ணு. எதுனா துருத்துதா பாருங்க."

அவர் சுற்றி நடந்தார். வியர்த்து ஊற்றியது. துருத்தியது அவர் தொப்பை மட்டும்தான். கற்பூரத்தை எந்த மூட்டையில் ஏற்றுவது என்று பூசாரி முழித்தார். சுரேஷ் போனை அணைத்துப் பைக்குள் போட்டான்.

"சரி, நீதான் மேஸ்திரி," என்றார் மூச்சு வாங்கியபடி. "அடுத்த வருசம் லட்சத்து ஒண்ணு. அப்ப இன்னா பண்ணுவ?"

பாஞ்சாலை கரியை எடுத்தாள். அதிக நேரம் ஆகவில்லை.

"அகலம் பதினொண்ணு. நீளம் ஒம்பதாயிரத்துத் தொண்ணூத்தி ஒண்ணு. பக்கத்து ஊரு அனுமந்தக்காரங்ககிட்ட இப்பவே எடம் கேட்டு வெச்சிடுங்க."