நடுவில் பதித்த சஹன்

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெரு முனையில், தண்ணீர் வராமல் போன பொதுக் குழாயின் மேடை ஒன்று குப்பை சுமந்து கிடந்தது. அதைக் கழுவி, உடைந்த பீங்கானும் டைல்ஸும் பதித்து, சாயந்தரம் எல்லாரும் உட்காரும் இடமாக்கலாம் என்று தெருப் பெண்கள் கிளம்பியபோது முதலில் சீறியது நான்தான். "சில்லு மேல உக்காந்தா பொடவை கிழியாதா? வேலையத்த வேலை!" மறுநாள் காலையில் சுத்தியலோடு முதலில் போய் உட்கார்ந்ததும் நான்தான். என் குணம் அப்படி.

உடைந்த சாமான் வீட்டில் இருக்கக்கூடாது என்பார்கள். ஆனாலும் எறிய மனசில்லாமல் பரண் மேல் எவ்வளவு ஒளித்து வைத்திருந்தார்கள்! காது போன கப்பு, விரிசல் விட்ட ஊறுகாய் ஜாடி, பாத்ரூம் கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ் எல்லாம் வந்து குவிந்தன. நான் உடைத்துக் கொடுத்தேன். மார்கழியில் வாசலை அடைத்துக் கோலம் போடுகிற கைகள் ஈரச் சிமெண்ட்டில் விரலால் புள்ளி குத்திச் சில்லுகளை அடுக்கின. அளவு நாடா இல்லை, பென்சில் இல்லை, ஒரு வளைவு பிசகவில்லை. அம்மாடி! தினமும் பார்க்கிற கைகளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் எதிர்வீட்டு அக்கா ஒரு சஹனைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார். அவர் பரங்கிப்பேட்டையில் பிறந்தவர். சஹன் என்பது அங்கே நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. இது பீங்கான், ஓரமெல்லாம் நீலப்பூ. நல்ல நீலமாச்சே என்று ஒரே போடு போட்டேன்.

அவர் திரும்பி வந்தபோது கையில் பிரியாணிச் சட்டி இருந்தது. எங்களுக்குச் சாப்பாடு போடத்தான் தட்டை முன்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

"அவசரத்துல அண்டாக்குள்ளயும் கை போவாதும்பாங்க. உன் சுத்தி மட்டும் கரெக்டா போவுது பாரு!" என்று ஒருத்தி என்னைக் கடிந்துகொண்டாள். "அக்கா, என்னை நாலு அறை விட்டுடுங்க" என்றேன்.

அவர் சட்டியை இறக்கிவிட்டுச் சில்லுகளைப் பொறுக்கினார். "எங்கம்மா குடுத்தது. நானும் தம்பிங்க மூணு பேரும் இதுலதான் சாப்புடுவோம். இப்ப அவுங்க ஆளுக்கொரு நாட்டுல இருக்காங்க. நாலு பேரும் ஒண்ணா உக்காந்து எத்தினியோ வருசமாச்சு." கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, கோலத்தின் நடுவில் இன்னும் பதிக்காத இடத்தைக் காட்டினார். "இங்க வைங்க. ஒரு சில்லு கொறையக்கூடாது."

எல்லாரும் மண்ணில் துழாவினோம். கடைசிச் சில்லு என் முந்தானை மடிப்பில் இருந்தது. தட்டு முழுசாகப் படுத்தது, உடம்பெல்லாம் விரிசல்களோடு.

மேடை காய்ந்து, முனைகளைக் கல்லால் தேய்த்து முடித்த வாரம். ஒரு சாயந்தரம், பூக்கார அம்மா, ஆட்டோக்காரர், டியூஷன் போகிற பெண், வழிப்போக்கர் ஒருவர் என யாரோ யாரோ அந்த நீலப்பூவைச் சுற்றி உட்கார்ந்து, நடுவில் பேப்பர் விரித்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். அங்கே உட்காரும்படி அவர்களை யாரும் சொல்லவில்லை. அக்கா என் வீட்டு வாசலுக்கு வந்து, என் பக்கத்தில் நின்று என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"எண்ணிப் பாரும்மா" என்றார். "நாலு பேரு."