தவக்காலத்தில் ஐந்து அமெரிக்க மாநிலங்கள்

சமையல்காரனுக்கு நாக்குத்தான் ஆயுதம் என்பார்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசி பங்குனியில் நான் அந்த ஆயுதத்தைப் பூட்டி வைத்துவிட்டுச் சண்டைக்குப் போனேன், வென்றும் வந்தேன். குசினியில் நின்றே கால் வீங்கியவர்களே, கையில் சுட்ட தழும்பை வீட்டில் காட்டி அனுதாபம் தேடியவர்களே, இது உங்களுக்காகத்தான்.

சுவிற்சர்லாந்தின் எம்மன்புரூக்கேயில், இரும்புத் தொழிற்சாலைக்குக் கிட்ட, வ்ரேனி என்ற சுவிஸ் பெண்மணியின் உணவகம். நான் மன்னார்க் கத்தோலிக்கன், அங்கே உதவிச் சமையல்காரன். பாத்திரம் கழுவவும் மரக்கறி வெட்டவும் வாய் ஓயாமல் கதைக்கவும் யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பெடியன் செல்வம். பெரிய சமையல்காரர் பனிச்சறுக்கு ஊர் ஒன்றில் கூடின சம்பளம் என்று போய்விட்டார். அவரோடு பாதி வாடிக்கையாளரும் போய்விட்டார்கள். கட்டடச் சொந்தக்காரர் அம்ரைன் வந்து, ஈஸ்டர் வரைக்கும் பார்ப்பேன், ஆட்கள் வராவிட்டால் இடத்தைப் பீட்சாக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

வ்ரேனி இள வயதில் அமெரிக்காவில் பிள்ளை பார்க்கும் வேலை செய்தவர். கிழமைக்கு ஒரு அமெரிக்க மாநிலம், அது எந்தச் சாப்பாட்டுக்குப் பேர் போனதோ அந்தச் சாப்பாடு என்று அவருக்கு யோசனை பிறந்தது. சமைக்கப் போவது நான். கடை தப்பினால் எனக்கு நிரந்தர வேலை ஒப்பந்தம். அந்த ஒப்பந்தம் இருந்தால்தான் குடிவரவைப் பார்க்கிற வெளிநாட்டவர் பொலிஸ் என் மனிசியைக் கூப்பிட அனுமதி தரும். ஜெசிந்தா அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் பெட்டியைக் கட்டியபடி காத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அமெரிக்காவும் வேண்டாம், அதன் மாநிலங்களும் வேண்டாம், அவள் வேண்டும்.

அதற்காகத்தான் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்திருந்தேன். தவக்காலம் முழுவதும் இறைச்சி வாயில் வைப்பதில்லை. சமைக்கலாம், தின்னக்கூடாது. லுட்சேர்ன் கார்னிவல் ஆட்டம் முடிந்து விபூதிப் புதனும் வந்தது, கையோடு அமெரிக்காவும் வந்து சேர்ந்தது. இதில் வருகிறவர்கள் எல்லோரும் நம்முடைய தமிழில்தான் கதைப்பார்கள். அவர்களுடைய ஜேர்மன் டொச்சையும் இங்கிலீசையும் வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?

டெக்சாஸ்: மூன்று பேர், ஒரு சட்டி

டெக்சாஸ் என்றால் சில்லி. மாட்டிறைச்சியைத் துண்டு துண்டாக வெட்டி, காய்ந்த மிளகாயும் சீரகமும் போட்டுக் கொதிக்கக் கொதிக்க வற்ற விடுவது. அவரை போடக்கூடாது, போட்டால் டெக்சாஸ்காரன் சண்டைக்கு வருவான் என்று வ்ரேனி எச்சரித்தார். எல்லாம் சரி. உப்புப் பார்க்க வேண்டிய நேரம் வந்தபோதுதான் எங்கள் நிலைமை எங்களுக்கே விளங்கியது. எனக்கு நேர்த்தி. செல்வம் சைவ சமயத்துப் பிள்ளை. கோழி, ஆடு, பன்றி என்று எது வந்தாலும் ஒரு கை பார்ப்பான், மாடு மட்டும் தொடமாட்டான். மிச்சம் வ்ரேனி. அவருக்கு மிளகுத்தூளே உறைப்பு. கரண்டி நுனியால் தொட்டு நாக்கில் வைத்தவர் குழாயடிக்கு ஓடினார். உப்பு எப்படி என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை விரித்தார்.

"எங்கட வீட்டில விரதச் சமையலை ஆர் ருசி பாத்தது? மணத்தில பிடியுங்கோ அண்ணை," என்றான் செல்வம். சட்டிக்கு மேல் மூக்கை வைத்து நின்றேன். மன்னாரில் இறைச்சிக் கறி கொதிக்கும்போது எந்த இடத்தில் மணம் மாறுமோ, அந்த இடம் வரும்வரை மிளகாய்த்தூள் போட்டேன். அது டெக்சாஸ் அளவா மன்னார் அளவா என்று யோசிக்க நேரம் இருக்கவில்லை.

மாலை வேலை முடிந்த இரும்புத் தொழிலாளிகள் இரண்டு மேசை நிறைய வந்திருந்தார்கள். முதல் கரண்டியோடு சத்தம் அடங்கியது. குசினிக் கதவுக் கண்ணாடியால் பார்த்தேன். எல்லா முகமும் சிவந்திருந்தது, சிலர் நெற்றியைத் துடைத்தார்கள். தொலைந்தோம் என்று நினைத்தேன். உலைக்களத்தில் வேலை செய்கிற மொட்டைத் தலைக்காரர் ஒருவர் வெறுங் கோப்பையோடு நேரே குசினிக்குள் வந்து நின்றார்:

"அஞ்சாறு வருசமா உலைக்கு முன்னால நிக்கிறன், உள்ளுக்கும் வேர்க்கும் எண்டு இண்டைக்குத்தான் தெரியும். நாளைக்கும் அதே மேசையை எங்களுக்கு வை."

மேரிலாண்ட்: பேப்பருக்கு மேலே நண்டு

மீனும் நண்டும் என் நேர்த்திக்குள் இல்லை. எனவே இந்தக் கிழமை நான் ராசா. மேரிலாண்டில் நண்டுக்கு மசாலா தூவி ஆவியில் அவித்து, மேசையில் பேப்பர் விரித்துக் கொட்டி, மரச் சுத்தியலால் உடைத்துத் தின்பார்களாம். நண்டு சூரிச் தமிழ்க் கடையிலிருந்து ஐஸ் கட்டியாக வந்தது. சுத்தியலுக்கு வ்ரேனி விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய், சின்னப் பிள்ளைகள் கட்டை அடிக்கிற சுத்தியல்களை வாங்கி வந்தார்.

முதல் நாள் யாரும் அடிக்கவில்லை. சுவிஸ்காரருக்கு மேசையில் அடிப்பது என்றால் தேவாலயத்தில் விசில் அடிக்கிற மாதிரி. ஒருவர் கத்தியும் முள்ளுமாக நண்டைச் சுற்றி வழி தேடினார். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் நண்டை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, அதன் கீழே இருந்த செய்தியை வாசிக்கத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. ஏப்ரனோடு வெளியே வந்து, நடு மேசையில் ஒரு நண்டை எடுத்து, ஓட்டைக் கழற்றி, காலை முறித்துப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்து, சதையை உறிஞ்சிக் காட்டினேன். கடை முழுக்க என்னைப் பார்த்தது. பிறகு ஒரு சுத்தியல் விழுந்தது, பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் தச்சுப் பட்டறை தோற்றது.

பல் வைத்தியரின் மனைவி முத்துமாலையோடு வந்திருந்தார். கடைசி ஆளாக எழும்பினார். இரண்டு கையிலும் மசாலா, கன்னத்திலும் மசாலா. பில்லைக் கொண்டுபோன வ்ரேனியிடம் அவர் சொன்னது:

"கத்தியும் முள்ளும் பிடிச்சு இவ்வளவு காலமும் நான் என்னத்தைச் சாப்பிட்டுக் கிழிச்சன்? இதை என்ரை மனிசனுக்கு மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ, நண்டுக்கால் கடிச்சது தெரிஞ்சால் அவருக்கு மாரடைப்பு வரும்."

ஜோர்ஜியா: தெரிந்த முகம்

ஜோர்ஜியாவுக்குச் சோளக் களியும் இறாலும், பிறகு பீச் பழத்துக்கு மேல் மாவைப் போட்டு வேக வைத்த இனிப்பும். அமெரிக்கச் சோள மா எங்கும் கிடைக்கவில்லை. இத்தாலியன் கடையில் வெள்ளைச் சோள மா வாங்கி, வெண்ணெயும் சீஸும் போட்டுக் கிண்டினேன். கிண்டிய கையை இரண்டு நாள் தூக்க முடியவில்லை. இத்தாலி மொழி பேசும் தெசின் பகுதியிலிருந்து வந்து குடியிருக்கும் தபால்காரர் ஒரு கரண்டி எடுத்தார், என்னைப் பார்த்தார், இன்னொரு கரண்டி எடுத்தார். கோப்பையைத் துடைத்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்:

"தம்பி, இது என்ரை அம்மா காய்ச்சிற பொலென்ரா. அமெரிக்கா எண்டு சொல்லி விலையைக் கூட்டியிருக்கிறாய். பரவாயில்லை, இன்னும் ஒண்டு கொண்டா."

மிசூரி: அளவு நாடாவோடு வந்தவர்

மிசூரியில் கான்சாஸ் சிட்டி என்ற ஊர் பன்றி விலா எலும்புக்குப் பேர் போனது. இனிப்பும் புளிப்பும் புகையுமாக ஒரு கெட்டிச் சாற்றைத் தடவித் தடவிச் சுடுவது. பன்றி என்றதும் செல்வத்துக்கு உத்தியோக உயர்வு, ருசி பார்ப்பது அவன் பொறுப்பு. ஒரு எலும்பைச் சப்பி முடித்து, கண்ணை மூடிக் கனநேரம் யோசித்து, "இன்னும் பிடிபடேல்லை அண்ணை, இன்னொண்டு தாங்கோ," என்பான். பிடிபட முன்னம் தட்டில் பாதி போயிருக்கும். நான் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றேன். அந்த மணத்தில் எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

இந்த நேரம் பார்த்து அம்ரைன் அந்தப் பீட்சாக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மனிதர் அளவு நாடாவை இழுத்து, என் அடுப்பு நின்ற இடத்தைக் குறுக்கும் நெடுக்கும் அளந்தார். அடுத்த கிழமை முடிவு சொல்வேன் என்று அம்ரைன் வ்ரேனியிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்று காலைதான் ஜெசிந்தா டெலிபோனில், பெட்டியை அவிழ்க்கவோ, கட்டினபடியே விடவோ என்று கேட்டிருந்தாள். அப்படியே விடு என்று சொன்னது நான்தான்.

பீட்சாக்காரர் மட்டும் போகாமல் நின்றார். மூக்கு அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தது. எதிரி என்றாலும் வந்தவனுக்கு ஒரு கோப்பை கொடுக்காமல் விட எங்களுக்குத் தெரியாது. நின்றபடியே தின்றார். விரலைச் சூப்பிவிட்டு, அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு அவர் சொன்னார்:

"இடம் எனக்குக் காணும், என்ரை அடுப்பு வடிவா நிக்கும். ஆனால் முதல்ல என்ரை மனிசிக்கு இதில ஒரு பெட்டி கட்டித் தாங்கோ, நான்தான் சுட்டது எண்டு குடுக்கிறன், நான் சமையல்காரன் எண்டு அவ ஒருக்கா நம்பட்டும்."

லூசியானா: சம்பந்தி அம்மா

கடைசி மாநிலம் லூசியானா, சாப்பாடு கம்போ. எண்ணெயில் மாவைப் போட்டு, எங்கள் கறித்தூள் வறுத்த நிறம் வரும்வரை கைவிடாமல் கிளறி, வெங்காயம், செலரி, வெண்டிக்காய், கோழி, புகைபோட்ட சொசேஜ் எல்லாம் போட்டுக் காய்ச்சுவது. வெள்ளிக்கிழமை இரவு அம்ரைன் தன் மகளின் மாமியாரைக் கூட்டி வந்தார். மகள் அமெரிக்காவில் கலியாணம் கட்டியவள். மாமியார் அசல் லூசியானாக்காரி. முடிவும் அன்றைக்குத்தான் என்று வ்ரேனி வெளிறிப்போய் வந்து சொன்னார்.

வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்கென்று தனிச் சட்டி உண்டு. எனக்குத் தவக்காலம், செல்வத்துக்கு வெள்ளிச் சைவம். அன்றும் அதே வறுத்த மாவில், கீரை, முட்டைக்கோவா, மாங்கோல்ட் கீரை, முள்ளங்கி இலை, பீற்றூட் இலை என்று கைக்கு வந்த பச்சையெல்லாம் போட்டு எங்களுக்குக் கொஞ்சம் காய்ச்சியிருந்தேன். இறைச்சி அகப்பை தவறுதலாகவும் பட்டுவிடக்கூடாது என்று செல்வம் அந்தச் சட்டியை இழுத்து முன்னால், பரிமாறும் பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான். முன்னால் நிற்பது வாடிக்கையாளருடையது என்று நினைத்த வ்ரேனி, அதில் அள்ளி இரண்டு கோப்பை நிறைத்து அம்ரைனின் மேசைக்குக் கொண்டுபோய்விட்டார்.

செல்வம் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "அண்ணை, எங்கட சாப்பாடு போகுது!" நான் இரண்டு கோப்பை கோழிக் கம்போவை ஏந்திக்கொண்டு வெளியே ஓடினேன். அம்ரைன் கரண்டியால் கீரையைக் கிளறிக்கொண்டிருந்தார். வாசல் பலகையில் கோழி, சொசேஜ் என்று எழுதியிருக்கிறது, எங்கே அது என்று கேட்டார். இடத்தைப் பீட்சாக்காரருக்குக் கொடுக்க இவருக்கு இனி வேறு காரணம் தேவையில்லை என்று எனக்கு விளங்கியது. கொழும்பு லொட்ஜ் அறை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் கோப்பையில் பாதி இல்லை. கரண்டியை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இறைச்சி போடாமல் இதை யார் காய்ச்சியது என்றார். நான்தான் என்றேன். இது எங்களுக்காகக் காய்ச்சியது, தவக்காலத்தில் நான் இறைச்சி தின்பதில்லை, மன்னிக்க வேண்டும், உங்களுக்கு உரியது இதோ என்று கையிலிருந்ததை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. தன் கழுத்துச் செபமாலையைத் தொட்டுக் காட்டினார். தாங்களும் கத்தோலிக்கர், தவக்கால வெள்ளியில் தங்கள் வீட்டுக் கம்போவும் இறைச்சி இல்லாமல் பச்சை இலைகளில்தான் கொதிக்கும், சம்பந்தியின் மனம் நோகாமல் இந்த இரவு சொசேஜை எப்படி ஒதுக்குவது என்று யோசித்துக்கொண்டே வந்ததாகச் சொன்னார். வழியெல்லாம் அம்ரைன் இந்தக் கடையின் கதையைச் சொல்லித்தான் கூட்டி வந்திருக்க வேண்டும். அந்த அம்மா அவர் பக்கம் திரும்பி, ஒரு சொல் ஒரு சொல்லாகச் சொன்னார்:

"சம்பந்தி, இந்த இடத்தை நீங்கள் பீட்சாக்காரனுக்குக் குடுத்தால், பேரப்பிள்ளையின்ரை ஞானஸ்நானத்துக்கு நான் வருவன், ஆனால் உங்களோட கதைக்கமாட்டன்."

ஜெசிந்தா: ஒரே ஒரு குறை

திங்கட்கிழமை அம்ரைன் குத்தகையை நீட்டிக் கையெழுத்து வைத்தார். செவ்வாய் என் ஒப்பந்தம் என் கைக்கு வந்தது. நான் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, முட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். செல்வம் வந்து பார்த்துவிட்டு, அவனும் காரணம் கேட்காமல் சிரித்தான்.

ஐப்பசியில் சூரிச் விமான நிலையத்தில் ஜெசிந்தா அதே பெட்டியோடு இறங்கினாள். நேரே கடைக்குத்தான் கூட்டி வந்தேன். வ்ரேனி மேசைக்குப் பூ வைத்திருந்தார். செல்வம் வெள்ளைச் சட்டை போட்டு நின்றான். ஐந்து மாநிலத்தையும் ஐந்து கோப்பையில் வைத்து, இந்த முறை நானும் பக்கத்தில் இருந்து வயிறு நிறையத் தின்றேன். அவள் ஒவ்வொன்றாக ருசி பார்த்தாள். கடையே அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. என் மனிசி கையைக் கழுவிவிட்டு வந்து, எல்லோர் முன்னிலையிலும் தீர்ப்புச் சொன்னாள்:

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இவ்வளவையும் சமைச்ச மனிசன், ஒண்டுக்காவது தேசிக்காய்ப் புளி விட யோசிக்கேல்லையே?"

அமெரிக்காவை நான் இன்றுவரை கண்ணால் கண்டதில்லை. ஆனால் வெளிநாட்டவர் பொலிஸ் வருடக்கணக்காகச் செய்யாததை அதன் ஐந்து மாநிலங்களும் ஒரு தவக்காலத்துக்குள் எனக்குச் செய்து தந்துவிட்டன.