கடையில் விட்ட டிஸ்க்

நீ என்னிடம் பொய் சொன்னாய். என் பாட்டுப் பிளேயரின் ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது என்று கல்பிட்டியில் உன் ரிப்பேர் கடை மேசைக்குப் பின்னால் நின்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய். அது சாகவில்லை.

அந்தப் பிளேயரை என் மனைவியின் தம்பி கட்டாரிலிருந்து கொண்டுவந்தான். சவர்க்காரக் கட்டி அளவுதான், ஆனால் பாரம். காதில் வைத்தால் உள்ளே டிஸ்க் சுற்றுவது கேட்கும். கடலில் அதனோடு பெரும் தொல்லை. அலை கொஞ்சம் தூக்கி அடித்தால் பாட்டு பாதியில் நின்றுவிடும். வலையை இறக்கி எஞ்சினை நிறுத்திய பிறகு, மடியில் துவாயை மடித்து அதன்மேல் வைத்துத்தான் கேட்பேன். அந்த மச்சானும் என்னோடு ஒரே போட்டில்தான் மீன்பிடிக்க வருகிறான். சிரிப்பான்.

"ஒங்கட பிளேயருக்கும் தலை சுத்துது மச்சான். தேசிக்காய் ஒண்டு புழிஞ்சு குடுங்க. டிஸ்க்குக்குப் பதிலா மெமரி சிப் ஒண்டு போட்டா நிக்காமப் பாடும்."

நான் மாற்றவில்லை. காரணம் பாட்டு அல்ல. ஹாஜியாரின் பேச்சு அதில் இருந்தது.

எங்கள் ஊர் கண்டக்குழியில் ரோட்டிலிருந்து கரைக்குப் போகும் பாதை ஹாஜியாரின் தென்னந்தோட்டத்துக்குள்ளால் போகிறது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் எல்லாரும் நிற்கும்போது அவர் சொன்னார்: "இது போட்காரங்கட பாதை. நான் மவுத்தானாலும் தொறந்துதான் இரிக்கும். என்ட மகனும் மூடேலாது." எங்கள் ஊரில் பள்ளி முற்றத்தில் ஒருவர் இப்படிச் சொன்னால் அதற்குமேல் எழுதிக் கடதாசி கேட்பதில்லை. கேட்டால் அவரை அவமதித்த மாதிரி. நாங்களும் கேட்கவில்லை. அன்றைய பயான் பிரசங்கத்தைப் பிளேயரில் பதிவு செய்த நான் அதை நிறுத்த மறந்திருந்தேன். அதனால் அவர் குரலும் பதிவில் விழுந்தது. திட்டம் போட்டு எடுத்ததல்ல.

இந்த வருடம் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போடத் தொடங்கியது. உன்னிடம் கொண்டுவந்தேன். காதில் வைத்துப் பார்த்துவிட்டு, அண்ணன் முறை வைத்துப் பேசினாய்.

"நானா, இது செத்துப் போச்சு. ஆரு இப்ப டிஸ்க் பாவிக்கிற? அறுவத்தி நாலு ஜிபி சிப் போட்டுத் தாறன். தூக்கி எறிஞ்சாலும் ஒண்டும் ஆகாது."

"உள்ளுக்கு இரிக்கிறதெல்லாம்?"

"எல்லாம் கொப்பி பண்ணித் தாறன். ஒண்டும் போகாது."

"பழைய டிஸ்க்கைத் தா தம்பி."

"என்னத்துக்கு நானா? கருவாட்டுக்கு மேல பாரமா வைக்கவா?"

நான் சிரித்தேன். டிஸ்க்கை உன்னிடமே விட்டுவிட்டு வந்தேன். சிப் கடலில் நிற்காமல் பாடியது. உன்னைப் பற்றி நாலு பேரிடம் புகழ்ந்தும் வைத்தேன். அது என் மடத்தனம்.

ஹாஜியார் வஃபாத்தாகி, அடக்கம் செய்து இரண்டு வருடம். போன மாதம் அவர் மகன் தோட்டத்தை ஹோட்டல்காரருக்குக் குத்தகைக்குக் கொடுத்து, பாதைக்குக் குறுக்கே கம்பி வேலி போட்டான். இப்போது நாங்கள் எஞ்சினைத் தோளில் தூக்கி, சுடுமணலில் அரை மணித்தியாலம் சுற்றிப் போகிறோம். அவனிடம் கேட்கப் போனோம்.

"வாப்பா அப்பிடிச் சொன்னதுக்கு என்ன சாட்சி? நின்டதெல்லாம் போட்காரங்கதானே" என்றான்.

"ஒங்கட வாப்பாட கொரலே என்கிட்ட இரிக்கு" என்றேன்.

கரையில் வலை வைக்கும் எங்கள் வாடிக்கு அவனைக் கூப்பிட்டு, எல்லாரையும் வைத்துக்கொண்டு பிளேயரை ஸ்பீக்கரில் மாட்டினேன். பட்டியலில் அந்தப் பதிவின் பெயர் இருந்தது. பட்டனை அமத்தினேன். பயானில் நாலு வசனம் வந்தது. பிறகு ஒரு கீச்சொலி. பிறகு ஒன்றுமில்லை.

"இதுதானா எங்கட வாப்பா?" என்றான் அவன். என் ஆட்களிலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

கம்பியூட்டர் படிக்கும் என் மகள் சிப்பைச் சோதித்தாள். அறுபத்து நாலு என்று மேலே எழுதியிருக்கிறது, பிடிப்பது எட்டு ஜிபிதான். எட்டைத் தாண்டி எழுதியதற்கெல்லாம் பெயர் மட்டும் நிற்கும், உள்ளே எதுவும் இருக்காது. ஹாஜியாரின் பதிவு தொடக்கத்திலேயே அந்த எல்லையில் அறுந்திருந்தது. சொல்லிவிட்டு அவள் என்னைக் கேட்டாள்: "வாப்பா, டிஸ்க் செத்திருந்தா அவர் எதுல இருந்து கொப்பி பண்ணின?"

எனக்கு அது தோன்றவேயில்லை. உனக்குத் தோன்றியிருக்கும்.

உன்னிடம் வந்தேன். முதல் நாள் டிஸ்க்கைக் குப்பையில் போட்டதாகச் சொன்னாய். மறுநாள் கொழும்புக்கு அனுப்பியதாகச் சொன்னாய். மூன்றாம் நாள் என்னைக் கண்டதும் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய்.

சிப்பின் மேல் எனக்குக் கோபமில்லை. சுற்றுவதற்கு உள்ளே எதுவும் இல்லாதபடியால் போட்டுக்கு அதுதான் சரி, மச்சான் சொன்னது உண்மை. ஆனால் அந்த டிஸ்க் கெட்டுப்போகுமுன் சத்தம் போட்டு எனக்கு அறிவித்தது. நீ கள்ளச் சிப்பைப் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் இருந்தாய். டிஸ்க்கை வேலி போட்டவனுக்குக் கொடுத்தாயா என்று ஊரில் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எழுதமாட்டேன்.

வரும் ஞாயிறு பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மீனவர் சங்கக் கூட்டம். ஹாஜியாரின் மகனும் வருகிறான். நீயும் வா. அந்த டிஸ்க் வேலை செய்ததா இல்லையா, இப்போது அது யார் கையில் இருக்கிறது என்று அத்தனை பேருக்கும் கேட்கும்படி எழுந்து நின்று சொல்.