வீட்டில் எத்தனை செல்போன்

காலை ஆறு மணி ஐந்து நிமிடம். நான் முதலில் பார்த்தது ஒரு குழந்தையின் முகத்தை. மஞ்சள் தொப்பி, நெற்றியின் இடது பக்கம் பெரிய மைப்பொட்டு. முகம் ஒரு செல்போன் திரையில் இருந்தது. செல்போன், பட்டாசு ஆலை வேனின் மூன்றாவது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்ணின் கையில் இருந்தது. முன் சீட்டிலிருந்தும் பின் சீட்டிலிருந்தும் நான்கைந்து பெண்கள் அந்தத் திரையின் மேல் கவிந்திருந்தார்கள். ஒருத்தி நாக்கைத் தட்டிக் குழந்தையைக் கூப்பிட்டாள். வேன் கிளம்ப ஐந்து நிமிடம் இருந்தது.

ஊர் ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கம். பெயர் வேண்டாம்.

அந்தக் குழந்தை, செல்போனைப் பிடித்திருந்தவரின் பேத்தி. மகள் இரண்டு வருடத்துக்கு முன் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் மகளின் பெயரைச் சொல்லக் கூடாது. அது அவர் கணவரின் உத்தரவு. பேத்தியை அந்தப் பாட்டி பார்த்ததெல்லாம் இந்த வேனில், இந்தத் திரையில்தான். வேனில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வீட்டு எண் பதினான்கில் கணக்கு இடிக்கிறது.

பத்தொன்பது வருடம் நாளிதழில் செய்தியாளனாக இருந்தேன். மாவட்டப் பக்கங்களைக் குறைத்தபோது என்னையும் குறைத்தார்கள். பிறகு கிடைத்த வேலை இது: யார் வீட்டில் செல்போன் இருக்கிறது, கணினி இருக்கிறது, யார் இணையம் பார்க்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்கும் கணக்கெடுப்பில் மேற்பார்வையாளர். கேள்விகளை நாங்கள் உண்டாக்கவில்லை. எல்லா நாட்டிலும் ஒரே கேள்வி, ஒரே விளக்கம். அப்போதுதான் ஒரு நாட்டின் எண்ணை இன்னொரு நாட்டின் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும் என்று விருதுநகரில் மூன்று நாள் பயிற்சியில் சொன்னார்கள். வீட்டைப் பற்றிய கேள்விகளைக் குடும்பத் தலைவரிடம் கேட்க வேண்டும். பிறகு வீட்டில் ஒருவரைப் பட்டியலில் இருந்து இயந்திரம் தேர்ந்தெடுக்கும். அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். அவர் சொன்னதை வீட்டில் இருப்பவர்களிடம்கூடச் சொல்லக் கூடாது.

பதினான்காம் எண் வீட்டில் கணவர், ஒரு செல்போன் என்று சொல்லியிருந்தார், தன்னுடையது. தேர்வானவர் மனைவி. சொந்தமாகச் செல்போன் இருக்கிறது என்று சொல்லியிருந்தார். ஒரு வீடு, ஒரு செல்போன், இரண்டு சொந்தக்காரர்கள். என் திரையில் அந்த வீட்டுக்குச் சிவப்புக் குறி விழுந்தது.

சென்னையில் இருந்து தரவுகளைப் பார்க்கும் இளைஞன் அதற்கு முந்தின நாள் போனில் பேசினான். "சார், பதினாலு இன்னும் ரெட்லயே இருக்கு. ரெண்டு நாளைக்குள்ள க்ளோஸ் பண்ணிடுங்க. இது நேஷனல் டேபிளுக்குப் போகணும், அங்கேர்ந்து இன்டர்நேஷனல் போகணும். உங்க ஒரு வீட்டுக்காக உலகமே வெயிட்டிங்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

அதனால்தான் ஆறு மணிக்கு அங்கே நின்றேன். மூன்றாவது ஜன்னலோரம் இருந்தவர்தான் பதினான்காம் எண் வீட்டு மனைவி; ஆதாரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டேன். அவரிடம் பேச ஜன்னல் பக்கம் போவதற்குள் ஓட்டுநர் ஹாரனை அடித்தார். "சார், வண்டிக்கு முன்னால நிக்காதீக. லேட்டாப் போனா கேட்டைச் சாத்திருவான்." வேன் போனது. என் குறிப்பேட்டில் எழுதினேன்: பெண்ணின் கையில் செல்போன். வீடியோ அழைப்பு. குழந்தை, மஞ்சள் தொப்பி.

ஒரு தரப்பு கிடைத்துவிட்டது. இன்னொரு தரப்பு வேண்டும். பத்தொன்பது வருடப் பழக்கம்.

அந்த வீட்டுக்கு டீக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். பெஞ்சில் மூன்று பேர். என் கையில் இருந்த டேப்லெட் மேல்தான் மூவர் கண்ணும் இருந்தது. அது வீடு இருக்கும் இடத்தைப் பதிவு செய்யும் என்பது ஊருக்கே தெரியும். வீட்டில் வைத்துக் கள்ளத்தனமாகப் பட்டாசுத் திரி சுற்றும் வீடுகள் அங்கே உண்டு. சோதனைக்கு வரும் ஆட்கள் எந்த வேஷத்திலும் வருவார்கள் என்று அவர்கள் நம்பினார்கள்.

"அண்ணாச்சி எந்த டிபார்ட்மென்ட்டு?"

"டிபார்ட்மென்ட் இல்லை. கணக்கெடுப்பு. எத்தனை பேர் நெட் பார்க்கிறார்கள் என்று."

"பாத்தா?"

"உலக அளவில் ஒரு கணக்கு."

"ஒலகத்துக்கு வேற சோலி இல்லையாக்கும்" என்றார் பெரியவர். மற்றவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ஏலே, போனை உள்ள வைலே. எண்ணிட்டுப் போயிரப் போறாரு." சிரித்தார்கள். டீ கேட்டேன். பால் தீர்ந்துவிட்டது என்றார் கடைக்காரர். பால் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

பதினான்காம் எண் வீட்டு வாசலில் கணவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மருந்தடிக்கும் பம்பின் முனையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். ஐம்பது வயது தாண்டியவர். ஊருக்கு வடக்கே மக்காச்சோளம் போட்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"முந்தாநாள்தானே ஒரு பொண்ணு வந்து எழுதிட்டுப் போச்சு?"

"ஒரு சின்ன சந்தேகம். வீட்டில் எத்தனை செல்போன்?"

"ஒண்ணு. அன்னைக்கே சொன்னேன்." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

"உங்கள் வீட்டில் அவர்களிடம்?"

"அவளுக்கு எதுக்கு? கம்பெனிக்குள்ள ஊக்கு குத்திட்டுப் போனாலே பொறி பறக்கும்னு ஏசுவான். போனைக் கொண்டு போவாளாக்கும்?"

"காலையில் வேனில் அவர்கள் கையில் பார்த்தேன்."

"வேற எவ போனாச்சும் இருக்கும்."

அவர் திறந்து விட்ட கதவு அது. அதன் வழியே நான் வெளியே வந்திருக்க வேண்டும். மாறாக, ஒரு செய்தியை மறுக்க வந்தவருக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னேன்: "அவர்கள்தான் பிடித்திருந்தார்கள். அவர்களோடுதான் பேசிக்கொண்டிருந்தது."

"எது?"

"குழந்தை. திரையில் ஒரு குழந்தை இருந்தது."

ஊசி நின்றது. "எம்புட்டுப் பிள்ளை?"

"ஆறேழு மாதம் இருக்கும்."

"எப்படி இருந்துச்சு?"

கேட்டதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காமல் சொன்னேன். மஞ்சள் தொப்பி. நெற்றியில் இடது பக்கம் மைப்பொட்டு.

அவர் பம்பைக் கீழே வைத்தார். தொட்டியில் தண்ணீர் மொண்டு முழங்கை வரை கழுவினார். துண்டில் துடைத்தார். பிறகு ஏதோ கூலியாளிடம் சொல்வதுபோல, "சரி, நீங்க போங்க" என்றார்.

தெருமுனைக்கு வந்து, என் பைக்கை நிறுத்திவிட்டு, அந்த வீட்டின் பதிவை முழுதாகத் திறந்தேன். கடைசியில் ஒரு குறிப்புப் பெட்டி உண்டு. கணக்கெடுப்பாளர் விரும்பினால் எழுதலாம். பெரும்பாலும் காலியாக இருக்கும். அதனால் நான் திறப்பதில்லை. இதில் எழுதியிருந்தது:

"இவருடைய செல்போன் வேனிலேயே இருக்கும். ஓட்டுநர் சார்ஜ் போட்டு வைப்பார். இவர் அதைக் கம்பெனி வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்து, சாயங்காலம் வாங்கி, இறங்கும்போது வேனிலேயே விட்டுவிடுவார். சிம், உடன் வேலை பார்க்கும் ஒருவர் பெயரில். மகளோடும் பேத்தியோடும் பேசுவதற்கு. வீட்டுக்குத் தெரியாது. வீட்டில் கேட்க வேண்டாம்."

விதிப்படி இரண்டு பதிலும் சரி. யார் காசு கொடுத்தார், சிம் யார் பெயரில் என்பது கணக்கில்லை. தன் உபயோகத்துக்கு வைத்திருந்தால் அவர்தான் சொந்தக்காரர். அவருக்குச் செல்போன் இருந்தது. வீட்டில் ஒன்றுதான் இருந்தது. முரண்பாடே இல்லை. தலைப்பைப் படித்துவிட்டுச் செய்தியைப் படிக்காமல் போன வாசகனை நான் பல முறை திட்டியிருக்கிறேன்.

அந்தக் குறிப்பை எழுதிய பெண் சாத்தூர்க்காரி. எங்கள் குழுவிலேயே வயதில் சிறியவள். பஸ் ஸ்டாண்டில் அவளைப் பிடித்துச் சொன்னேன்.

"குறிப்புல எழுதியிருந்தேனே சார்."

"இப்போதுதான் பார்த்தேன்."

"டேப்லெட்ல எங்க வீட்டைப் பிடிச்சிருவீகன்னு ஊரே கதவைச் சாத்துச்சு சார். இவுக ஒருத்திதான் வேன் நிக்கிற இடத்துக்கு வான்னு சொல்லி, ஒண்ணு விடாமச் சொன்னாக. இது யார்கிட்டயும் போகாதுன்னு படிவத்துல இருக்கிற பத்தியை ரெண்டு தடவை வாசிச்சுக் காட்டினேன்." பிறகு கேட்டாள்: "நீங்க பேப்பர்ல இருந்தவுகதானே? தகவல் சொன்னவுகளை அங்கயும் இப்படித்தான் காட்டிக் குடுப்பீகளா?"

"இல்லை."

"அப்ப இவுகன்னா மட்டும் பரவாயில்லையா?"

வேனில் போனவரை எச்சரிக்க எளிய வழி அந்தச் செல்போன். அது அப்போது வாட்ச்மேன் அறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், நாற்பது ஐம்பது செல்போன்களோடு கிடந்தது. சாயங்காலம் வேனில் ஏறிய பிறகுதான் பேச முடியும். ஆலை வாசலுக்கு நான் நேரில் போயிருக்கலாம். பன்னிரண்டு கிலோமீட்டர். போகவில்லை. எனக்கு அன்று இன்னும் எட்டு வீடு பாக்கி இருந்தது.

சாயங்காலம் ஐந்து நாற்பதிலிருந்து சாத்தூர்ப் பெண் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். மூன்று முறையும் லைன் பிஸி. நாலாவது முறை மணி அடித்தது. எடுத்தது ஆண் குரல். அவள் உடனே வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மறுபடி அதே இடத்தில் நின்றேன். செல்போன் கைமாறிவிட்டது; பதிவைத் திருத்த வேண்டுமென்றால் சம்பந்தப்பட்டவரிடம் மீண்டும் கேட்டே ஆக வேண்டும் என்பது விதி. விதி இல்லாவிட்டால் வந்திருப்பேனா என்று தெரியவில்லை. ஓட்டுநர் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காமலே சொன்னார்.

"நேத்து வண்டி வந்து நிக்கவும் மனுசன் இங்கனயே நிக்காரு. அந்தக்கா பேசிக்கிட்டே எறங்குது. கையில இருந்து வாங்கினாரு. சத்தம் போடல. நாலு பேர் பாக்க ஒண்ணும் செய்யல. அந்தப் பக்கத்துல இருந்து பிள்ளை சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு." டயரை ஒரு உதை உதைத்தார். "பத்து மாசமா சார்ஜ் போட்டுக் குடுக்கேன். ஒரு பயலுக்குத் தெரியாது. நீங்க வந்தீக, ஒரே நாள்."

என்னைக் கண்டதும் வேனில் இருந்து ஒரு குரல்: "அடியே, கணக்குப் பிள்ளை வந்துட்டாரு. முந்தானையை இழுத்துவிடு, அது என்ன கலர்னு எழுதிட்டுப் போயி உன் புருசன்கிட்டச் சொல்லிருவாரு." யாரும் சிரிக்கவில்லை. ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. மூன்றாவது ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. அவர் மடியில் இரண்டு கைகளையும் வைத்திருந்தார். நக ஓரங்களில் கழுவியும் போகாத அலுமினியப் பொடி. வலது கண்ணின் வெள்ளை சிவந்திருந்தது. அழுததா, தூங்காததா, வேறு எதுவுமா என்று நான் கேட்கவில்லை.

"இரண்டு கேள்வி மட்டும்" என்றேன். "கடந்த மூன்று மாதங்களில் இணையம் பயன்படுத்தினீர்களா?"

"நேத்துச் சாயங்காலம் வரைக்கும்."

"சொந்தமாகச் செல்போன் இருக்கிறதா?"

அப்போதுதான் என்னைப் பார்த்தார். "நீங்களே எழுதிக்கோங்க. எல்லாத்தையும் பாத்து எழுதுறவுகதானே."

"நீங்கள் சொல்ல வேண்டும்."

பின்னால் இருந்த பெண் ஜன்னலைத் திறந்தாள். "அவ வாயால வேற சொல்லணுமா? மனுசன்தானா நீரு?"

அவர் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து அமர்த்தினார். "இல்லை" என்றார் என்னிடம். ஜன்னலை மூடினார். வேன் ஆறு பத்துக்குக் கிளம்பியது.

திரும்பியபோது கணவர் டீக்கடைப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கடைக்காரர் அவருக்கு டீ கொடுத்தார். எனக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை.

"வீட்டுல எத்தனை போன்னு கேட்டீகளே" என்றார் அவர். சட்டைப் பையில் இருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். பிறகு இன்னொன்றை எடுத்தார். அதன் முதுகில் அம்மன் படம் ஒட்டியிருந்தது, இருக்கன்குடி கோயில் வாசலில் விற்பது. "ரெண்டுன்னு போட்டுக்கோங்க. ரெண்டும் எங்கிட்டத்தான் இருக்கு."

அங்கேயே நின்று பதிவு செய்தேன். வீட்டு எண் பதினான்கு. வீட்டில் உள்ள செல்போன்கள்: இரண்டு. தேர்வானவர்: பெண். கடந்த மூன்று மாதங்களில் இணையம் பயன்படுத்தினாரா: ஆம். சொந்தச் செல்போன்: இல்லை.

ஆறு மணி பதினேழு நிமிடத்துக்குச் சிவப்புக் குறி பச்சையானது.