கேட்டுக்கு வெளியே விழுந்தவர்கள்

அட்டைப்பெட்டி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி மரியாதை, பாதி கிண்டல். அவள் படித்ததென்னவோ ஆறு மாத முதலுதவிப் படிப்புதான். ஆனால் சிராய்ப்புக்கு மருந்து போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. முதலில் தன் கையை சோப்புப் போட்டுக் கழுவுவாள். பிறகு காயத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டி, உள்ளே போன மண்ணை ஒரு துகள் விடாமல் எடுப்பாள். காய்ந்த பஞ்சை யாரையும் வைக்க விடமாட்டாள்.

"ஒட்டிக்கிட்டா நாளைக்குப் பிய்க்கும்போது நீ கத்துற கத்தல யாரு கேக்குறது?" என்பாள்.

மருந்தறையில் ஒரு பதிவேடு இருந்தது. அதில் 'விழுந்த இடம்' என்ற கட்டத்தில் ஒன்பது வருடமாக அவள் எழுதியது ஒரே பதில்: கேட்டுக்கு வெளியே. உண்மையில் முக்கால்வாசிப் பேர் விழுந்தது உள்ளேதான். கேட்டைத் தாண்டியதும் வடிகாலுக்கு மேல் ஒரு இரும்புக் கம்பி மூடி. சைக்கிள் சக்கரத்துக்கு அளவெடுத்துச் செய்தது போல அதில் இடைவெளி. உள்ளே விழுந்ததாக எழுதினால் வாசல் பலகையில் இருக்கும் 'விபத்தில்லாத நாட்கள்' பூஜ்யத்துக்கு வந்துவிடும். அது மேனேஜருக்குப் பிடிக்காது. மேனேஜருக்குப் பிடிக்காததை எழுத, கணவன் போன பிறகு இந்த வேலையை நம்பியே இருந்த டாக்டரம்மாவுக்குத் துணிச்சல் வரவில்லை. யாருமே உள்ளே விழாத இடத்தில் கம்பி மூடியை எதற்கு மாற்றுவது? அது பாட்டுக்குக் கிடந்தது.

போன வருடம் மெஷினில் ஒருவர் விரல் நசுங்கிப் பூஜ்யத்துக்கு வந்த பலகை, இந்த முறை முந்நூற்று அறுபதைத் தொட்டிருந்தது. ஒரு வருடம் நிறைந்தால் எல்லோருக்கும் சம்பளத்தோடு மூன்று நாள் விடுமுறை என்று அறிவித்திருந்தார்கள்.

அன்று காலை தூறல். டாக்டரம்மாவின் சைக்கிள் சக்கரம் கம்பிக்குள் இறங்கி நின்றுவிட்டது. அவள் மட்டும் நிற்காமல் முன்னால் போனாள்.

பின்னால் வந்த பேக்கிங்காரிதான் ஓடிவந்து தூக்கிவிட்டாள். அவள் மோவாயில் மை தெறித்தது போலக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் அதே கம்பியில் விழுந்தவள். "வெளிய விழுந்தேன்னு சொல்றதா இருந்தா உக்காரு, இல்லன்னா மேனேஜர்கிட்டப் போ" என்று டாக்டரம்மா அன்று சொல்லிவிட்டாள். அவளும் வீம்புக்கு எழுந்து போய், முந்தானையால் துடைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். சீழ் வைத்து மூன்றாம் நாள் திரும்பி வந்து 'வெளியே' என்று கையெழுத்துப் போட்டாள். மண் தோலுக்குள்ளேயே தங்கிவிட்டது. அந்த மோவாயைப் பார்க்க டாக்டரம்மாவுக்கு இன்றுவரை கூச்சம்.

இப்போது அவளிடம்தான் கையை நீட்ட வேண்டியிருந்தது. வலது உள்ளங்கை முழுக்க உரிந்திருந்தது. பேக்கிங்காரி கழுவினாள். இடுக்கியால் கல்லைக் கிள்ளி எடுத்தாள்.

"மெதுவாம்மா!"

"சும்மா இருங்க. ஒண்ணு விட்டாலும் என்னை மாதிரி ஆயிடும்."

களிம்புத் துணி வைத்துக் கட்டி முடித்தாயிற்று. பதிவேட்டில் எழுதினால்தான் ஊசி போட வெளியே விடுவார்கள். டாக்டரம்மாவுக்குப் பேனா பிடிக்க முடியவில்லை. பேக்கிங்காரி நோட்டை இழுத்துக்கொண்டு பேர், நேரம் எல்லாம் எழுதினாள்.

"விழுந்த இடம்?"

டாக்டரம்மா ஜன்னல் வழியே அந்தக் கம்பி மூடியைப் பார்த்தாள். "உள்ளன்னு எழுது. அப்பவாவது மாத்துவாங்க."

பேக்கிங்காரி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "இன்னும் அஞ்சு நாளுதான் இருக்கு, டாக்டரம்மா. எம் பொண்ணு புள்ள பெத்து நாலு மாசமாச்சு. போக ஒரு நாளு, வர ஒரு நாளு. நடுவுல ஒரே ஒரு நாளு மடியில வெச்சுப் பாக்கலாம்னு இருக்கேன்."

"நாளைக்கு வேற யாராச்சும் விழுந்து மண்டை உடைஞ்சா?"

"எம் மோவா கிழிஞ்சப்ப இந்த யோசனை வரலையே."

டாக்டரம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "தப்புப் பண்ணிட்டேன்மா."

"சரி, பண்ணிட்டீங்க. அதுக்கு மறுபடியும் நானா பலியாகணும்?"

டாக்டரம்மா பேனாவை எடுத்தாள். கட்டுப் போட்ட கையில் அது நிற்கவில்லை. நழுவி மேஜைக்கு அடியில் உருண்டது. இடது கையால் எழுதலாம், நேராக மேனேஜரிடமே போய்ச் சொல்லலாம் என்றெல்லாம் தோன்றியது. அதற்குள் கதவருகே ஏழெட்டுத் தலைகள்.

"ரொம்ப அடியா, டாக்டரம்மா?" என்றார் மெஷின்காரர். அக்கறையாகத்தான் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளியதானே?" என்றார்.

அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். அத்தனை பேரும் என்றாவது ஒருநாள் அவளிடம் வந்து அந்த வார்த்தையைச் சொன்னவர்கள். சொல்ல வைத்தவள் அவள்.

"வெளியதான்" என்றாள்.

பேக்கிங்காரி குனிந்து பேனாவை எடுத்து எழுதினாள். மைப்பெட்டியைத் திறந்து நீட்டினாள். டாக்டரம்மா இடது கட்டைவிரலை அழுத்தி எடுத்து நோட்டில் வைத்தாள்.

கதவருகே நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒன்பது வருடத்தில் அவளுக்காக யாரும் கைதட்டியது அதுதான் முதல் தடவை.