தொட்டிக்குள் கிடந்த செருப்பு

ஒரு நிமிடம்கூட ஓடாத வீடியோத் துண்டு ஒன்று இன்னும் என் மடிக்கணினியில் இருக்கிறது. மயிலாப்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டியின் மூடி திறந்திருக்கிறது. உள்ளே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். அதன் அடியில் பதித்த வெள்ளை ஓடுகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. கடைசியில் ஒரு குரல் கேட்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதன்முறை அதைப் பார்த்தபோது மடிக்கணினியை மூடினேன், திறந்தேன், மறுபடி பார்த்தேன். கேட்டது சரிதானா என்று நான்கு முறை சரிபார்த்தேன். எதையும் சரிபார்த்துவிட்டுத்தான் நம்புவது என் பழக்கம். அன்று எத்தனை முறை பார்த்தும் நம்ப முடியவில்லை.

என் சித்தப்பா தண்ணீர்த் தொட்டிகளைச் சுத்தம் செய்து தரும் தொழில் நடத்தினார். சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். மந்தைவெளியில் ஒரு சின்ன அறை, ஒரு வேன், மூன்று ஆட்கள், இவ்வளவுதான் கம்பெனி. நான் மின்னணுவியல் படித்து முடித்திருந்தேன். வேலைக்கான கடிதம் வந்துவிட்டது. சேரும் தேதி மட்டும் வராமல் தள்ளிக்கொண்டே போன மாதங்கள் அவை. "சும்மாதானே கீற பாப்பா, நம்ம கம்பெனிக்கு ரெண்டு வீடியோ போட்டுக் குடு" என்றார் சித்தப்பா. நான் மறுநாளே ஒரு பட்டியலோடு போனேன். மூடி திறப்பது, தண்ணீரை வடிப்பது, சுவரைத் தேய்ப்பது, சேற்றை உறிஞ்சுவது, மருந்தடிப்பது என்றெல்லாம் எடுக்க வேண்டிய காட்சிகள் ஒன்பது. தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தொட்டி கழுவவா, ராக்கெட் வுடவா?" என்று கேட்டார்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கழுவி முடித்துத் தொட்டியை நிரப்பியதும், குழாயில் வரும் முதல் டம்ளர் தண்ணீரை வீட்டுக்காரர் எதிரிலேயே மடமடவென்று குடித்துவிடுவார். யாரும் கேட்டு அவர் அதைச் செய்யவில்லை. எங்கள் முதல் வீடியோ அதுதான். நன்றாக வந்திருந்தது, இன்றும் அதில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் பார்த்தவர்களில் பாதிப்பேர் எங்கள் உறவினர்கள். அடுத்து வந்த ஆறும் அப்படியே போயின. சித்தப்பா தினமும் காலையில் போனை எடுத்து எண்ணிக்கையைப் பார்ப்பார். "உங்க அத்தையே பாதில நிறுத்திட்டா பாப்பா" என்பார். பிறகு ஒருநாள், "சுத்தமா இருக்குற தொட்டிய எவன் பாப்பான்? அழுக்கக் காட்டணும்" என்றார். அது எனக்கும் நியாயமாகப் பட்டது. மற்றவர்கள் போட்டிருந்த வீடியோக்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தேன். 'முதல் மூன்று விநாடிக்குள் அழுக்கு தெரிய வேண்டும்' என்று எழுதி, அடிக்கோடிட்டு, அவருக்கும் அனுப்பினேன். அந்த வரி என்னுடையது. அதை மறைத்துவிட்டு இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

அதன்பின், கழுவுவதற்கு முந்தைய காட்சிகளை அவரே எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார். "நீ ஏன் வெயில்ல மாடி ஏறிக்கினு? நான் எடுத்தாறேன், நீ வெட்டி ஒட்டு." அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

மயிலாப்பூர் தொட்டியின் வீடியோ அப்படித்தான் என் கைக்கு வந்தது. டீ நிறத்தில் கலங்கிய தண்ணீர். அதன் ஓரத்தில், பாதி மூழ்கியபடி, ஒரு குழந்தையின் இளஞ்சிவப்புச் செருப்பு. அந்தக் காட்சியை நிறுத்தி, செருப்பைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'இதைத்தான் குடிக்கிறீர்களா?' என்று மேலே எழுதினேன். குடியிருப்பின் பெயரைப் போடவில்லை. அது போதுமென்று நினைத்தேன். மறுநாள் மாலைக்குள் பார்த்தவர்கள் லட்சத்தைத் தாண்டினார்கள். அடையாறு, தி.நகர், வேளச்சேரி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் போன். சித்தப்பா இரண்டாவது வேனுக்குச் சொல்லிவிட்டு வந்து என் வாயில் லட்டை ஊட்டினார். பிற்பாடு அந்த வீடியோவை நாங்கள் நீக்கிவிட்டோம். ஆனாலும் யார் யாரோ எடுத்துப் போட்ட பிரதிகள் இன்றும் சுற்றுகின்றன. போன மாதம் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைப் பெண், "இதப் பாரேன், கொடுமைய" என்று அதை எனக்கே காட்டினாள்.

நான்காம் நாள், சித்தப்பா வெளியே போயிருந்த நேரத்தில், ஒரு மாமி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு மந்தைவெளி அறைக்கு வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும்.

"நான் அந்த ஃப்ளாட்டோட செக்ரட்டரி. வீடியோல வர்றது எங்க மாடிதான். ஓரத்துல விரிச்சிருக்கறது என் பழைய பொடவை. அதுல காயறது நான் இட்ட வடாம். அதை வெச்சுத்தான் எல்லாரும் கண்டுபிடிச்சுட்டா."

சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியை நகர்த்திப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"அந்தச் செருப்பை மட்டும் கொஞ்சம் பெரிசாக் காட்ட முடியுமா கொழந்தே? பதினாறு ஆத்துலயும் கேட்டுட்டேன். எங்க கொழந்தையோடது இல்லேங்கறா. யாரோடதுன்னு தெரிஞ்சா எப்போ விழுந்துதுன்னு தெரியும். எத்தனை நாளா அதைக் குடிச்சுண்டிருந்தோம்னு கணக்குப் போடலாம்."

மீதியை அவரே சொன்னார். தொட்டியின் சாவி பதினோரு வருடமாக அவரிடம்தான் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வைத்துக் கழுவச் செய்வார். இந்த முறை கூப்பிட்டது எங்களை. முந்தைய மாதம் இரண்டாம் மாடியில் எட்டு மாதக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வீடியோவைப் பார்த்த குழந்தையின் அப்பா, குடியிருப்போரின் க்ரூப்பில், 'எங்கள் குழந்தைக்கு எதைக் கொடுத்தீர்கள்?' என்று கேட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். மாமியைப் பொறுப்பிலிருந்து நீக்கப்போகிறார்கள்.

"செக்ரட்டரி வேலை போனாப் போறது. அந்தக் கொழந்தையைப் படுக்க வெச்சது நான்தானான்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சாகணும். ராத்திரி தூங்க முடியலை."

அவர் எங்கள் மேல் சந்தேகப்படவே இல்லை. தன்மேல்தான் சந்தேகம். தெளிவான படம் தேடித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். மயிலாப்பூர் மாடியில் சித்தப்பா எடுத்த துண்டுகள் ஏழு. வீடியோவுக்குப் பயன்பட்டவை ஆறு. முதலாவதை, தவறுதலாக ஓடியது என்று திறந்துகூடப் பார்க்காமல் ஒதுக்கி வைத்திருந்தேன். அதைத் திறந்தேன். வெள்ளை ஓடு. தெளிந்த தண்ணீர். பிறகு போனைக் கைப்பிடிச் சுவரில் வைத்திருக்கிறார், வெறும் வானம். சித்தப்பாவின் குரல்: "மூட்டையப் பிரிச்சுக் கொட்டு. டீத்தூளையும் போட்டு நல்லாக் கலக்கு. யோவ், செருப்ப நடுவுல போடாத, செட்டப்புன்னு தெரிஞ்சிடும். ஓரமாப் போடு."

முதல் டம்ளரைத் தானே குடித்துக் காட்டும் மனிதரின் குரல் அது.

சித்தப்பா வந்ததும் அதை ஓடவிட்டேன். அவர் சிரித்தார். "அடடே, இது ஆன்ல இருந்திச்சா?"

"சித்தப்பா, இது பொய்."

"இன்னா பொய்? தண்ணிய வடிச்சாச்சு. எப்படியும் கழுவத்தானே போறோம்? கூட ரெண்டு மூட்ட மண்ணக் கழுவினா யாருக்கு இன்னா போச்சு? ஊர் பேர் போட்டமா, ஆள் பேர் போட்டமா?"

அவருக்கு அதில் உண்மையிலேயே தவறு தெரியவில்லை. குரலைக் கேட்டதைவிட அந்தச் சிரிப்புத்தான் என்னை அதிகமாக உலுக்கியது. மாமி வந்துபோனதை, அவர் சொன்ன வரிசையிலேயே, ஒன்றையும் விடாமல் சொன்னேன். குழந்தையைப் பற்றிச் சொன்னபோது, "அது தண்ணியால வந்திருக்காது" என்று குறுக்கிட்டார். செருப்பு யாருடையது என்று மாமி வீடு வீடாகப் போய்க் கேட்டதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"வீடு வீடாவா?"

"பதினாறு வீடு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "பாண்டி பஜார் பிளாட்பாரத்துல வாங்கினேன். ஜோடியாத்தான் தருவேன்னுட்டான். இன்னொண்ணு வேன்ல கீது" என்றார். என் முகத்தைப் பார்க்காமலே, "நேர்ல போய் ஒத்துக்கினா கம்பெனி அவுட்டு பாப்பா. நீ அந்த வீடியோவ மட்டும் அனுப்பிச்சிடு" என்றார்.

அனுப்பினேன். மாமி அதைக் க்ரூப்பில் போட்டார். பத்து நிமிடத்தில் குழந்தையின் அப்பாவிடமிருந்து பதில். 'இதுவும் எடிட் செய்ததாக இருக்கலாம். மாமி சொன்னதால் வீடியோ எடுத்தவர்களே செய்து தந்திருப்பார்கள்.' மாமி அதை எனக்கு அனுப்பி, கூடவே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். இதற்கு எப்படி நிரூபணம் தருவது என்று ஒரு தாளில் எண் போட்டு எழுத ஆரம்பித்தேன். ஒன்று என்று எழுதியதோடு பேனா நின்றுவிட்டது. எடிட் செய்தது நான்தானே. அந்தப் பதிலைச் சித்தப்பாவிடம் காட்டினேன். படித்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மாமி கடைசி வரிசையில், சாவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தனியாகப் போயிருந்தேன். கூட்டம் தொடங்கிய பிறகு சித்தப்பா வந்தார், இஸ்திரி போட்ட சட்டையில், கையில் ஒரு மஞ்சள் பையோடு. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பையிலிருந்து மற்றொரு செருப்பை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதோட ஜோடிதான் உங்க தொட்டில கெடந்தது. போட்டது நானு. மண்ணு, டீத்தூளு எல்லாம் நான் கொட்டினது. தொறந்தப்ப உங்க தொட்டி கண்ணாடி மாரி இருந்திச்சு. மாமி மேல ஒரு தப்பும் இல்ல."

பிறகு ஒரே சத்தம். நாலைந்து பேர் போனைத் தூக்கிப் படம்பிடிக்கத் தொடங்கினார்கள். ஒருவர் சட்டையைப் பிடிக்க வந்தார். போலீஸ் என்றார் இன்னொருவர். குழந்தையின் அப்பா அந்தச் செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படங்கள் அன்று மாலையே ஊரெல்லாம் போய், ஒரு வாரத்தில் மந்தைவெளி அறை பூட்டப்படும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. சித்தப்பாவுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மாமி எழுந்து, நாற்காலிகளுக்கு நடுவே வழி செய்துகொண்டு முன்னால் வந்தார். அறைந்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"அந்த மண்ணையெல்லாம் எடுத்தப்புறம், தொட்டியை நன்னா அலம்பினேளா?"

சித்தப்பாவின் கண் கலங்கிவிட்டது. "மூணு வாட்டி அலம்பினேன் மாமி."

"மருந்து?"

"அடிச்சேன் மாமி."

"சரி. இனிமே எங்க மாடிப் பக்கம் வராதீங்கோ" என்று சொல்லிவிட்டு, மாமி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.