எரர் வருது என்று சொன்ன ஆறு நாள்

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், புரட்டாசி மாதம், குறுவை அறுப்பு நேரம். திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் நடந்தது இது.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. டிராக்டர் கழுவுகிற ஆளாகச் சேர்ந்து, ஓட்டக் கற்று, கடைசியில் கதிர் அறுக்கும் வண்டி நாலு சொந்தமாக வாங்கியவன். அணைக்கரை வரைக்கும் என்னைத் தெரியும். நான் தேதி சொன்னால் அன்றைக்கு வண்டி வயலில் நிற்கும். பெருமைக்குச் சொல்லவில்லை, ஊரில் கேட்டுப் பாருங்கள்.

அறுப்பு நேரத்தில் போன் ஓயாது. நோட்டில் எழுதி மாளாது. சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகன், விவசாயிகளே போனில் பெயர் பதிந்து தேதி வாங்குகிற மாதிரி ஒன்று எழுதினான். அது ஓடுவதற்கு மும்பையில் எங்கோ ஒரு சர்வரை, அதாவது ஒரு பெரிய கம்ப்யூட்டரை, வாடகைக்குப் பிடித்தான். முதலில் அதில் ஒரு ஃபிரேம்வொர்க் போட வேண்டுமாம். தூணும் உத்தரமும் யாரோ செய்து வைத்திருப்பார்கள், நாம் சுவரை மட்டும் எழுப்பிக்கொள்ளலாம், அது மாதிரி. யார் யாரோ எழுதி உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தது என்றான். சும்மா கிடைக்கிற சாமானை நான் நம்பினதே இல்லை. இரண்டு மூன்று தடவை கேட்டேன். நிஜமாகவே சும்மாதானாம்.

"பத்து நிமிஷ வேலைப்பா, நானே இங்கேர்ந்து போட்டுடறேன்" என்றான். நான் விடவில்லை. இன்ஜினைக் கழற்றிப் பூட்டினவனுக்கு இது என்ன பிரமாதம் என்றேன். அது ஓடுவதற்கு முன்பே நாலு வண்டியிலும் வெப்சைட் பெயரைப் பெரிதாகப் பெயிண்ட் அடித்தும் விட்டேன்.

தினம் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுவான். தட்ட வேண்டியதை வாட்ஸ்அப்பில் வரி வரியாக அனுப்புவான். நான் எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டுவேன். கறுப்புத் திரையில் என்னென்னவோ ஓடி, சிவப்பாக ஒன்று வந்து நிற்கும். "எரர் வருதுடா" என்பேன். படம் பிடித்து அனுப்பச் சொல்வான். ஒரு நாள் அனுமதி இல்லை என்றது, மறுநாள் டேட்டாபேஸைக் காணோம் என்றது. நடுவில் என்னப்பா சாப்பாடு என்று கேட்பான். அவன் வீட்டில் குக்கர் விசில் அடிப்பது எனக்குக் கேட்கும். மனைவி தவறி அப்போது இரண்டு வருஷம். டிரைவர்களைத் திட்டுவதற்குத் தவிர நான் வாயைத் திறந்தது அந்த ஒரு மணி நேரம்தான். அதற்கு முன்னெல்லாம் அவன் மாதம் ஒரு தடவை பேசுவான், இரண்டு நிமிஷம்.

நாலாம் நாள் மத்தியானம், முந்தின நாள் வரிகளை நானாகவே திரும்பத் தட்டினேன். சிவப்பு வரவில்லை. போனில் திறந்து பார்த்தால் என் வண்டியின் படம், என் பெயர், பதிவு செய்ய ஒரு கட்டம். அஞ்சாம் வகுப்பு படித்தவன் செய்துவிட்டேன். கூப்பிட்டுக் காட்ட வீட்டில் ஆள் இல்லை.

ஓடிவிட்டது என்று மகனிடம் சொன்னால் நாளைக்கு ஆறு மணிக்கு அவன் எதற்குக் கூப்பிடுவான்? கம்ப்யூட்டரை அணைத்து அறையைப் பூட்டினேன். பம்ப்செட் மாதிரி, இங்கே சுவிட்சை அணைத்தால் எல்லாம் நின்றுவிடும் என்று நினைத்தேன். அன்றைக்கும் "எரர் வருதுடா" என்றேன். பழைய படத்தையே அனுப்பினேன். அவனும் பொறுமையாக ஏதேதோ செய்யச் சொன்னான். இப்படியே ஆறு நாள்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அதன் பிறகு ஒரு காலையில் மாதா கோயில் தெருவிலிருந்து ஒரு அம்மா வந்து நின்றார். மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம் குத்தகைக்கு எடுத்துத் தனியாகப் பயிர் வைக்கிறவர். சத்தம் போடவில்லை. போனை நீட்டினார். பதிவாகிவிட்டது, இந்தத் தேதிக்கு வண்டி வரும் என்று என் பெயரில் செய்தி. அந்தத் தேதி போய் இரண்டு நாளாகியிருந்தது.

"அன்னிக்கு வேற வண்டி வந்துச்சுண்ணே. நான்தான் வேணாம்னு அனுப்பிட்டேன். நீங்க சொன்னா மாறாதேன்னு."

அறையைத் திறந்து கம்ப்யூட்டரில் பார்த்தேன். நான் இங்கே அணைத்தாலும் மும்பையில் அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. ஏழு பேர் பதிந்திருந்தார்கள். மற்ற ஆறு பேரும் எதற்கும் இருக்கட்டும் என்று போனும் பண்ணியிருந்ததால் தப்பித்தார்கள். இவர் மட்டும் முழுசாக நம்பிவிட்டார்.

சேற்றில் போகிற பெல்ட் வண்டியை நானே ஓட்டிக்கொண்டு போனேன். நெல் மொத்தமும் படுத்துத் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. பாதிகூடத் தேறவில்லை. வரப்பில் நின்ற அந்த அம்மா, "கம்ப்யூட்டர்தானேண்ணே, அது ஏதாச்சும் தப்புப் பண்ணியிருக்கும்" என்று எனக்கே சமாதானம் சொன்னார். தப்பு என்னுடையது என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

அன்று ஆறு மணிக்கு மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்பா. ஓடுறது இங்கேர்ந்து பார்த்தாலே தெரியும். புக்கிங் வந்திருக்குமான்னு பார்க்கணும்னுதான் தோணலை."

தெரிந்தேதான் ஆறு நாளும் இல்லாத கோளாறுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான். அப்புறமும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

உன்னோடு பேசணும் போல இருக்கு என்று சொல்ல எனக்கும் அவனுக்கும் வாய் வராததால், சம்பந்தமே இல்லாத ஒருவருடைய நெல் தண்ணீரில் கிடந்தது. இப்போது ஞாயிறுதோறும் அவன் கூப்பிடுகிறான்; கூப்பிடாவிட்டால், வெட்கப்படாமல் நானே கூப்பிட்டு, ஒரு வேலையும் இல்லை, சும்மாதான் என்று சொல்லிவிடுகிறேன்.